ஒன்லைன் எங்கே இடிக்கிறது? கேட்டவர் சொன்னதை வைத்துப் பழுது பார்க்கும் முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாலு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கக் கிளம்பினால், கேமரா யாரிடம் இருக்கிறது என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, "ஒன்லைன் என்ன?" சென்னையில் தயாரிப்பாளர் அலுவலகத்திலும் அதே கேள்விதான். நாவல் எழுதுகிறவரிடமும் பதிப்பாளர் இதைத்தான் வேறு மாதிரி கேட்பார்.

யாருடைய கதை, அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தவறினால் என்ன போகும். இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்தால் அது ஒன்லைன். போஸ்டரில் போடும் பஞ்ச் வரி வேறு. பக்கக் கணக்கில் போகும் கதைச்சுருக்கமும் வேறு. இரண்டையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். சாயாக்கடை அண்ணன், அத்தை, டியூஷன் மாஸ்டர், யாராக இருந்தாலும் சரி. சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் பேசாமல் இருந்தால் அவர்களே ஏதாவது சொல்வார்கள். முதலில் வாயில் வந்தது எதுவோ, அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அறிகுறி. கீழே தலைப்புகள் பெரும்பாலும் அந்த அறிகுறிகளின் பெயரில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வந்த பதில் எதுவோ அங்கே போனால் போதும்.

இன்னொன்று. வரியின் கடைசி வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். "சிக்கிக்கொள்கிறான்", "தள்ளப்படுகிறாள்", "போராடுகிறார்கள்", "வாழ்க்கை தலைகீழாக மாறுகிறது" என்று இருந்தால், கேட்டவர் என்ன சொல்லியிருந்தாலும், "வரி நல்லாருக்கு, எழுத வரல" என்ற பகுதிக்கும் ஒரு தடவை போய்வாருங்கள்.

"செரி, அதுல கதை எங்க?"

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மிக அதிகமாகப் பார்க்கிற பழுது இது. காரணம் ஊர்தான். ஒரு பக்கம் மலையும் ரப்பரும் பேச்சிப்பாறை அணையும். இன்னொரு பக்கம் கடல். நடுவில், 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நினைவு. இவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது, கையில் அள்ளியதையே கதை என்று நினைக்கத் தோன்றும். "ஓகி புயலில் பாதிக்கப்பட்ட மீனவர்களின் கதை." "ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களின் வாழ்வியல்." "தோள்சீலைப் போராட்டம் பற்றிய படம்." மூன்றும் நல்ல களங்கள். ஆவணப்படத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். கதைக்குப் போதாது.

சோதிக்க எளிய வழி உண்டு. வரியில் "பற்றி", "வாழ்வியல்", "வலி", "பின்னணி" மாதிரி சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். அப்புறம் பன்மையைப் பாருங்கள். மீனவர்கள், தொழிலாளர்கள், மக்கள். ஓர் ஊருக்கே ஒரே நேரத்தில் ஒரே ஆசை இருக்காது. இருந்தாலும் கேட்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டும்.

ஓகியையே எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவை. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் அது எட்டாத தொலைவில் இருந்தன. திரும்பி வராதவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுவான சட்ட விதி. ஓகி குடும்பங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பதால் நிவாரணத்துக்காக அந்த விதி தளர்த்தப்பட்டது.

இதுவரை எல்லாம் செய்தி. இந்தக் கடைசிச் செய்திக்குள் ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். நிவாரணம் வேண்டுமென்றால், வீட்டில் யாரோ ஒருவர் "ஆமாம், இறந்துவிட்டார்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். யார் அந்த ஒருவர்?

"மகன் உயிரோடு இருப்பதாகவே நம்பும் மாமியாரோடு வாழும் பெண், மகளின் படிப்பைக் காப்பாற்ற, புயலில் காணாமல் போன கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறாள்."

ஓகி என்ற சொல்லே இல்லை. ஆனால் மேலே பார்த்த "ஓகி புயலில் பாதிக்கப்பட்ட மீனவர்கள்" வரியைவிட இந்த வரிதான் அந்தப் புயலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதைக் கையெழுத்துக் கதை என்று வைத்துக்கொள்வோம். கடைசி வினைச்சொல் இன்னும் சரியில்லை. அதைக் கீழே பார்ப்போம்.

"நல்ல கருத்தாக்கும்"

பாராட்டு மாதிரி கேட்கும். கேட்டவர் அடுத்த நிமிடம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நீங்கள் சொன்னது கதையின் கருத்து, கதை இன்னும் வெளியே வரவில்லை.

இந்த வித்தியாசத்துக்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதன் முன்னுரையான பதிகமே மூன்று கருத்துகளைச் சொல்லிவிடுகிறது: அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் (எமனாகும்), பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தேடி வந்து தன் பயனை ஊட்டும். மூன்றும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் கதை தெரியாத ஒருவரிடம் இந்த மூன்றையும் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "செய்யாத திருட்டுக்காகத் தன் கணவனைக் கொன்ற அரசனின் அவைக்கு, மிஞ்சிய ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் நியாயம் கேட்கப் போகிறாள்." போகிறவர் நிற்பார். மூன்று கருத்துகளும் உள்ளேயேதான் இருக்கின்றன, ஒன்றும் தொலையவில்லை.

உங்கள் வரி கருத்தாக இருந்தால், அந்தக் கருத்தை வெறுக்க எல்லா நியாயமும் உள்ள ஓர் ஆளைத் தேடுங்கள். "பணத்தைவிடப் பாசம் பெரியது" என்பது கருத்தானால், இன்று சாயங்காலத்துக்குள் பணம் கட்டியாக வேண்டிய ஓர் ஆள் வேண்டும். கருத்தை ஒத்துக்கொள்கிறவரையே நாயகனாக வைத்தால் அவருக்குப் படத்தில் வேலை இருக்காது.

"யாருல அவன்? எந்த ராஜன்?"

வரியில் பெயர்கள் இருக்கின்றன. எடுத்துவிடுங்கள். கேட்கிறவருக்கு ராஜனும் தெரியாது, செல்வியும் தெரியாது. பெயருக்குப் பதில் தொழிலையும், அந்தத் தொழிலோடு முட்டுகிற ஒரு குறையையும் வையுங்கள். "துணிச்சலான இளைஞன்", "நேர்மையான அதிகாரி" என்பவை பெயரைவிட மோசம், ஏனென்றால் எதையோ சொன்ன மாதிரி ஏமாற்றுகின்றன.

"பார்வை மங்கிவரும் வடசேரி கோயில்நகைத் தொழிலாளி" என்றால் பாதிக் கதை வந்துவிட்டது. சிவப்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதிக்கிற கைக்குக் கண் வேண்டும். "உயரம் பார்த்தால் தலைசுற்றும் காவலாளி, மாத்தூர் தொட்டிப்பாலத்தில்" என்றாலும் சரி. பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் அவருக்கு இரவுக் காவல். குறை எதுவாகவும் இருக்கலாம், ஆனால் கதை கேட்கும் வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்க வேண்டும். அந்தக் காவலாளிக்குச் சர்க்கரை நோய் என்று வைத்தால் வரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூன்றாவது ஆள் வரிக்குள் வந்தால் சந்தேகப்படுங்கள். நான்காவது ஆள் வந்தால் வெட்டுங்கள்.

"பொறு பொறு, முதல்ல இருந்து சொல்லு"

வரி நீளம். ஆனால் "சுருக்கு" என்று சொல்வதால் யாருக்கும் சுருக்க வராது, எங்கே வீங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் மொழி இதில் கொஞ்சம் சதி செய்கிறது. வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வாக்கியம் எங்கேயும் முடிய வேண்டியதில்லை. போய், வந்து, பார்த்து, தெரிந்து, அழுது, திரும்பி... இலக்கணப்படி ஒரே வாக்கியம்தான். அதனால் "ஒரு வரியில்தானே சொன்னேன்" என்று நமக்கே தோன்றும். இந்த மாதிரி:

"சின்ன வயதிலேயே அப்பா விட்டுப் போக, அம்மாவின் உழைப்பில் படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, தொழில் தொடங்கிக் கடன்பட்டு, ஊருக்குத் திரும்பி, அப்பாவின் ரப்பர் தோட்டத்தை விற்க முயன்று, பத்திரத்தில் இன்னொரு பெயர் இருப்பதைப் பார்த்து, அது அப்பாவின் முதல் மனைவியின் மகன் என்று அறிந்து, அவனைத் தேடிப் போகும் ஒரு இளைஞனின் பயணம்."

ஒவ்வொரு எச்சத்துக்குக் கீழேயும் கோடு போடுங்கள். படத்தின் முதல் காட்சிக்கு முன்னாலேயே நடந்து முடிந்தவை எவை? அப்பா போனது, படிப்பு, சென்னை, தொழில். எல்லாம் முன்கதை, அடியுங்கள். கடன் மட்டும் இருக்கட்டும், ஏனென்றால் அதுதான் அவனை விரட்டுகிறது. மிஞ்சியதைக் கோத்தால்:

"கடனை அடைக்க அப்பாவின் ரப்பர் தோட்டத்தை விற்க வரும் மகன், பத்திரத்தில் பங்குதாரராக இருக்கும் முன்பின் அறியாத அண்ணனின் மனதைக் கரைக்க, யாரென்று சொல்லாமல் அவனிடமே பால்வெட்டு வேலைக்குச் சேர்கிறான்."

"பயணம்" போய் "சேர்கிறான்" வந்ததைக் கவனியுங்கள். விடியும் முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அண்ணனும் தம்பியும் ஒரே வரிசை மரங்களில் நடக்கிறார்கள், ஒருவனுக்கு மட்டும் உறவு தெரியும். காட்சி தானாக வருகிறது.

கணக்காக ஒன்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் இருபத்தைந்து, முப்பது சொல்லுக்குள் என்பது வழக்கம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் பதினைந்திலிருந்து இருபது சொல்லுக்குள் அதே அளவு வந்துவிடும். மேலே இருக்கும் வரி இருபதைக் கொஞ்சம் தாண்டுகிறது, பரவாயில்லை. சொல்லை எண்ணுவதைவிட மூச்சைப் பாருங்கள். நடுவில் மூச்சு எடுக்காமல் சொல்ல முடிந்தால் அளவு சரி. "போய், வந்து" மாதிரியான வினையெச்சம் இரண்டுக்கு மேல் போனால் அது கதைச்சுருக்கமாக மாறத் தொடங்கிவிட்டது.

இன்னொரு வீக்கமும் உண்டு. நாயகனுக்கு முன்னால் பெயரெச்சங்களை அடுக்குவது. "தாயை இழந்த, ஊரால் ஒதுக்கப்பட்ட, இசையை உயிராக நேசிக்கும், நேர்மையான ஆசிரியர்." ஆசிரியர் வந்து சேரும்போது கேட்டவர் பஸ் ஏறியிருப்பார். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கதையோடு முட்டுவதை.

"சஸ்பென்ஸா? அப்போ சொல்லாண்டாம்"

"ஒரு மர்மமான சம்பவம் அவன் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது." என்ன சம்பவம் என்று கேட்டால், "அதான் ட்விஸ்ட்." இப்படிச் சொல்லும் தம்பிமாரை எனக்கு நிறையத் தெரியும், கெட்டிக்காரர்கள், கதையும் நன்றாகவே இருக்கும். ஆனால் பூட்டிய பெட்டியைக் காட்டி ஆர்வப்படச் சொன்னால் யாருக்கும் ஆர்வம் வராது.

படத்தின் முதல் கால் பாகத்துக்குள் நடப்பதை எல்லாம் தாராளமாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். கடைசிக் கால் பாகத்தை வரியில் வைக்க வேண்டாம். பிணம் கிடைத்தது மர்மமில்லை, அது தொடக்கம், சொல்லிவிடுங்கள். கொன்றது யார் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கப் பழுதும் உண்டு. கேட்டவர் "அதான் முடிஞ்சுபோச்சே" என்றால் கடைசிக் கால் பாகம் வெளியே வந்துவிட்டது. வரியின் பின்பாதியை வெட்டினால் போதும். தயாரிப்பாளரோ கூட எழுதுகிறவரோ முடிவு கேட்டால் மறைக்காதீர்கள், அதை ஒன்லைனில் திணிக்காமல் அடுத்த வாக்கியமாகச் சொல்லுங்கள்.

"அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் பழுது இல்லை.

"இது வந்த கதைதானே?"

இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். அண்ணன்-தம்பி சண்டையும், சேர முடியாத காதலும் எப்போதும் வந்த கதைதான். கேட்டவருக்கு உங்கள் வரியில் எதுவும் புதிதாகத் தட்டுப்படவில்லை, அவ்வளவே.

ஒரு சோதனை: கதையை அப்படியே தூக்கி மதுரையிலோ கோவையிலோ வைத்தால் ஒரு சொல்கூட மாறாமல் நடக்குமா? நடக்கும் என்றால், ஊர் உங்கள் கதையில் வெறும் திரைச்சீலை. திருவள்ளுவர் சிலையையும் சூரிய உதயத்தையும் ட்ரோனில் காட்டுவதால் அது மாறாது.

ஊரிலிருந்து எடுக்க வேண்டியது காட்சியைவிடக் கெடு. எதற்குள் முடிய வேண்டும் என்று ஊர் சொல்கிற கெடு. நம் மாவட்டத்தில் அது ஏராளம். பால்வெட்டு மழையில் நின்றுபோகும், மழை நீண்டால் கூலி இல்லை. தோவாளைப் பூச்சந்தையில் ஓணத்துக்கு முந்தைய நாட்களின் விலை மற்ற நாளில் கிடைக்காது. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் ஆண்டின் முதல் மாதங்களில்தான் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்பெட்டிகள் நிரம்பும், அதை விட்டால் அடுத்த ஆண்டுதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் உள்ள மாவட்டம் நம்முடையது. கிழக்குக் கரைச் சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்கும் மே மாதத்தில் மேற்குக் கரைக் குளச்சலில் தொழில் நடக்கும். ஜூன் பாதியில் சின்னமுட்டம் திறக்கும்போது குளச்சல் மூடிக் கிடக்கும். ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகத்துக்குப் பஞ்சம், இன்னொன்றுக்கு அறுவடை. இதை வைத்து ஏன் இன்னும் நிறையப் பேர் எழுதவில்லை என்று தோன்றும்.

"தங்கையை ஏமாற்றிவிட்டு ஓடியவன்" என்பது வந்த கதை. இப்போது இதைப் பாருங்கள்: "மேற்குக் கரைத் தடைக்காலத்தில் சின்னமுட்டத்துக்கு வேலைக்குப் போகும் குளச்சல் மீனவன், வீட்டுக் கடனுக்காக, தன் தங்கையைக் கைவிட்டவனின் படகிலேயே ஒன்றரை மாதம் வலை இழுக்க ஒத்துக்கொள்கிறான்." பழி, கடன், கெடு, தப்பிக்க முடியாத இடம் எல்லாம் ஒரு படகுக்குள் வந்துவிட்டன. ஜூலை 31 நெருங்க நெருங்க அவன் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் படம்.

"அதுக்கு இப்ப என்ன?"

தோற்றால் போவது என்ன என்று வரியில் இல்லை. "தேனீ வளர்ப்பவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை வெட்டாமல் தடுக்கப் பார்க்கிறார்." தடுக்க முடியாவிட்டால்? பெட்டியை வேறு இடத்தில் வைத்துக்கொள்வார். சரி, தேனீ வளர்ப்பவர் தன் மகள் கல்யாணத்துக்கு அந்தத் தோட்டக்காரரிடமே கடன் வாங்கியிருக்கிறார், மரம் விற்றால்தான் தோட்டக்காரர் தவணை கேட்காமல் பொறுப்பார் என்று வையுங்கள். இப்போது ஜெயித்தாலும் போகும், தோற்றாலும் போகும்.

உயிர் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறிய இழப்பே போதும், அந்த ஆளுக்கு அது பெரிதாக இருந்தால்.

சிரிக்க வேண்டிய இடத்தில் "அய்யோ பாவம்" என்கிறார்

நகைச்சுவைக் கதைக்கு மட்டும் வரும் பழுது. நீங்கள் துன்பத்தைச் சொல்லி, முரணைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். "வியாபாரம் படுத்துப்போன கடைக்காரர் கடனில் தவிக்கிறார்" என்றால் பாவம்தான். "ஊரில் மாதக்கணக்கில் யாரும் சாகாததால் தவணை கட்ட முடியாத சவப்பெட்டிக் கடைக்காரர், புதிதாக வந்த கைராசிக்கார டாக்டரை ஊரைவிட்டு விரட்டப் பார்க்கிறார்" என்றால் அதே கடன், அதே தவிப்பு, ஆனால் சிரிப்பு வரும். அவர் விரும்புவதும் அவர் வெளியே காட்ட வேண்டிய முகமும் எதிரெதிராக இருக்கட்டும்.

"வரி நல்லாருக்கு", ஆனால் எழுத உட்கார்ந்தால் வரவில்லை

இதைச் சொல்வது கேட்டவர் இல்லை, நீங்களே. எல்லாருக்கும் வரி பிடித்திருக்கிறது. எழுத ஆரம்பித்தால் மூன்றாவது காட்சியில் நின்றுவிடுகிறது. மேலே பார்த்த பழுதுகளில் எல்லாம் ஒருவகையில் இதுவும் இருக்கிறது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் வரியைச் சொல்லி முடிக்கும்போது காதில் நிற்பது அந்த வினைதான். கதையை நகர்த்துவதும் அதுதான். கையெழுத்துக் கதையில் அது "தள்ளப்படுகிறாள்". யாரோ தள்ளுகிறார்கள், அவள் தள்ளப்படுகிறாள். கேட்பவர் பரிதாபப்படுவார், அதனால் வரி பிடித்துவிடும். ஆனால் எழுதும்போது அவளுக்கு என்ன வேலை? தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழுவாள். மாமியாரைப் பார்ப்பாள். மறுபடி உட்கார்ந்திருப்பாள். இது ஒரு நல்ல காட்சி, ஒரு படம் ஆகாது.

செய்ய வேண்டியது: அந்தச் செயப்பாட்டு வினையை அடித்துவிட்டு, "தள்ளப்பட்ட பிறகு என்ன செய்கிறாள்?" என்று கேளுங்கள். மூன்று நான்கு பதில் எழுதிப் பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் சும்மா இருக்கும். கையெழுத்துப் போட மறுக்கிறாள். சரி, ஆனால் மறுப்பதும் நிற்பதுதான். கையெழுத்துப் போட்டு மாமியாரிடம் உண்மையைச் சொல்கிறாள். ஒரு சண்டை, ஒரு அழுகை, முடிந்தது. ஓடிப்போகிறாள். எங்கே? இன்னும் கொஞ்சம் போனால் இது வரும்:

"மகன் உயிரோடிருப்பதாக நம்பும் மாமியாருக்குத் தெரியாமல், புயலில் காணாமல் போன கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டு நிவாரணம் வாங்கும் பெண், அந்தப் பணத்தை அவனே வெளிநாட்டிலிருந்து அனுப்புவதாக மாதாமாதம் வீட்டில் கொடுக்கத் தொடங்குகிறாள்."

"தொடங்குகிறாள்" என்றதும் கதை உருளுகிறது. பணம் அனுப்புகிறவன் ஏன் போன் பேசவில்லை? அடுத்த மாதம் குரலுக்கு என்ன செய்வாள்? மகளுக்கு உண்மை தெரியுமா? கடற்கரை ஊரில் ரகசியம் நிற்காது, பக்கத்து வீட்டுக்கு நிவாரணம் வந்தது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் ஊரே சேர்ந்து அந்தப் பாட்டியிடம் நடிக்க வேண்டும், யார் முதலில் உளறுவார்? நவம்பர் 2, கல்லறைத் திருநாள், கோயிலில் இறந்தவர்களுக்காகச் செபிக்கப் பெயர் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் அவன் பெயரை எழுதுவதா வேண்டாமா? கெடுவும் கிடைத்துவிட்டது. பாட்டிக்கு உண்மை முதலிலிருந்தே தெரியும் என்ற சந்தேகம்கூட உங்களுக்கு வரும். அது கடைசிக் கால் பாகம், வரியில் வேண்டாம்.

வரி நீண்டுவிட்டது என்பது தெரிகிறது. இப்போது "பொறு பொறு" பகுதிக்குப் போய் ஒரு தடவை வெட்டினால்: "காணாமல் போன கணவன் இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டு நிவாரணம் வாங்கும் பெண், மகனுக்காகக் காத்திருக்கும் மாமியாரிடம் அதை அவன் அனுப்பும் சம்பளம் என்று கொடுக்கத் தொடங்குகிறாள்." மகளின் படிப்பு போய்விட்டது. புயல்கூடப் போய்விட்டது. இரண்டும் படத்தில் இருக்கும்.

வரி எழுத இடம் கொடுக்கிறதா என்று பார்க்க: அதிலிருந்து பத்து காட்சிகளை ஒரு தாளில் வேகமாக எழுதுங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். ஆறாவதில் திணறினால் வினையை மறுபடி பாருங்கள். "போராடுகிறான்" என்ற வினைக்கு இது கட்டாயம். எதை வைத்து, எப்படிப் போராடுகிறான்? வழக்குப் போடுகிறானா, பொய் சொல்கிறானா, படகைத் திருடுகிறானா? அந்த வினையை எழுதுங்கள்.

வரியைச் சொல்லவே பயமாக இருக்கிறது, திருடிவிட்டால்?

நியாயமான பயம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் – டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்கும் பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை ஒருவர் எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. அதாவது உங்கள் ஒன்லைனுக்கு மட்டும் பாதுகாப்பு எதிர்பார்க்க முடியாது. எழுதிய கதைச்சுருக்கம், திரைக்கதை, வசனம் இவற்றுக்கு உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் எப்போது எழுதினீர்கள் என்று காட்டச் சான்று வேண்டும்.

அதனால் வரியைப் பூட்டி வைப்பதில் பலன் குறைவு. வெளியே சொல்லக் கிளம்பும் முன்னால் நாலைந்து பக்கமாவது விரித்து எழுதி, தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தால், "இன்று இந்தக் கதையைச் சொன்னேன், நன்றி" என்று அவர்களுக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், பதிவாகவும் இருக்கும்.

எல்லாம் செய்தும் வரி நிற்கவில்லை

வரியை விட்டுவிடுங்கள். அந்தக் கதையில் நீங்கள் எதற்காக இறங்கினீர்களோ அந்த ஒரு காட்சியை முழுதாக எழுதுங்கள், நாலு பக்கம் வந்தாலும் பரவாயில்லை. எழுதி முடித்துவிட்டு, அந்தக் காட்சியில் யார் எதைச் செய்கிறார் என்று வினையை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் நீங்கள் நாயகன் என்று நினைத்தவர் சும்மா நிற்பார், ஓரத்தில் இருக்கும் அக்காவோ மாமாவோ ஏதோ செய்துகொண்டிருப்பார். அப்படி இருந்தால் வரியை அவரிலிருந்து தொடங்கி எழுதி, மறுபடி சாயாக்கடை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் கேட்டவரிடமே சொல்ல வேண்டாம், அவருக்குப் பழைய வரி நினைவிருக்கும்.